ஒரு எரிமலை நானூத்தம்பது ரூபாய்!

‘‘ஸார், எரிமலை வேணுமா, ஜே.சி.பி. வேணுமா?’’

கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோர்காரர் என்னைப் பார்த்து இப்படிக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் அசரவில்லை.

‘‘எக்ஸிபிஷன் சீஸன் ஆச்சே ஸார்! எரிமலை நானூத்தம்பது. சோடா மாவு ஃப்ரீ. சூரியக் குடும்பம் முந்நூறு. அதுல ஒரு கிரகம் கழண்டு விழுந்துடுச்சு... இருநூத்தம்பதுக்கு எடுத்துக்குங்க.’’

‘‘எந்தக் கிரகம்?’’

‘‘சனி ஸார்.’’

சனி விலகினால் கூடத்தானே காசு கேட்க வேண்டும்! இந்த மனுஷர் ஐம்பது ரூபாய் குறைக்கிறாரே என்று யோசித்தபடி, ரெண்டு சார்ட் பேப்பரும் ஒரு ஸ்கெட்ச் பேனா செட்டும் மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். எரிமலை வாங்காததற்குக் காரணம் சிக்கனம் மட்டும் இல்லை. போன வருஷம் பட்ட அவமானம்!

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் சூபர்வைஸர். பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்குகிற இடம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நானும் நண்பர்கள் சிலரும் பைக்கை எடுத்துக்கொண்டு, பெரியபாளையம் பக்கமாக உள்ளே இருக்கும் ஒரு கிராமத்துக்குப் போய்விடுவோம். ஏரிக்கரை வேப்பமரத்தடியில் பிள்ளைகளுக்கு டியூஷன். ஃபீஸ் கிடையாது. கரும்பலகையை ஆடு நக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இந்தக் கதையில் வருகிறவர்கள் மூன்று பேர். பெயர் வேண்டாமே... படிக்கிற வகுப்பை வைத்தே கூப்பிடுகிறேன். எட்டாவது, இருளர் குடியிருப்பிலிருந்து வருகிற சிறுமி. ஏழாவது, சிப்காட் கேன்டீனில் பாத்திரம் தேய்க்கும் ஒரு அம்மாவின் பையன். ஆறாவது, செங்கல் சூளைப் பையன். இங்கே சூளை என்று சொன்னால் யாருக்கும் புரியாது, ‘சேம்பர்’ என்றால்தான் புரியும். ஆறாவதின் சொந்த ஊர் ஒடிசாவில் பலாங்கீர் பக்கம்.

திருவள்ளூர் மாவட்டத்து சேம்பர்களுக்கு பலாங்கீர், நுவாபடா, களாஹண்டி மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வேலைக்கு வருகிறார்கள். மழைக்காலம் முடிகிற சமயம் வந்து இறங்கினால், மே, ஜூனில்தான் ஊர் திரும்புவார்கள். ஊரில் வாங்கிய முன்பணத்தை இங்கே கல் அறுத்துக் கழிக்க வேண்டும். கொத்தடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது 1976-ல். ஆனாலும் மீட்புச் செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

அப்பா அம்மாவோடு வருகிற பிள்ளைகளுக்கு அங்கே பாதிப் படிப்பு, இங்கே பாதிப் படிப்பு. ரெண்டும் சேர்ந்தால் முழுசாக வேண்டும், கணக்குப்படி. ஆனால், பூஜ்யமாகிவிடும்! இதற்காகவே ஒடிசாவிலிருந்து புத்தகம் தருவித்து, ஒடியா தெரிந்த ஆசிரியர்களை வைத்து, சேம்பர் பக்கத்திலேயே வகுப்பு நடத்தியிருக்கிறார்கள் இந்த மாவட்டத்தில். நம்ம ஆறாவதும் அப்படி ஒரு வகுப்பில் ஆரம்பித்தவன்தான். ரெண்டு சீஸனில் தமிழைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்ந்துவிட்டான்.

சரி, அந்த அவமானத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ‘எங்க பிள்ளைங்க மட்டும் என்ன தொக்கா?’ என்று எனக்கு ஒரு வீம்பு. நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்காமல், ஊசி சிரிஞ்சுகள், டியூப், அட்டை எல்லாம் வைத்து நானே ஒரு ஜே.சி.பி. செய்தேன். சிரிஞ்சை அழுத்தினால் கை தூக்கும், மண்ணை அள்ளும், கொட்டும். மஞ்சள் பெயின்ட் வேறு. எங்க கம்பெனி வெல்டரே பார்த்துவிட்டு, ‘‘ஸார், பேசாம இந்த லைன்லயே போயிருக்கலாம்’’ என்றார்.

கண்காட்சி அன்றைக்கு நடுவர் வந்தார். ஏழாவது (அப்போது அவன் ஆறாவது) ஜே.சி.பி.க்குப் பின்னால் விறைப்பாக நின்றிருந்தான்.

‘‘சிரிஞ்சுக்குள்ள ஏம்ப்பா தண்ணி ஊத்தியிருக்கே? வெறும் காத்து இருந்தா தூக்காதா?’’

பையன் நடுவரைப் பார்த்தான். ஜே.சி.பி.யைப் பார்த்தான். ஓரமாக நின்ற என்னைப் பார்த்தான்.

‘‘அதோ நிக்கறாரே, அந்த ஸார்தான் செஞ்சாரு... அவரையே கேளுங்க!’’

ஹால் முழுக்கச் சிரித்தது. நானும் அசடு வழிந்தேன். பையன் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த ரெண்டு ஞாயிறு அவன் வேப்பமரத்தடிக்கே வரவில்லை. அவன் அம்மா சொன்னார், ‘‘என்னைத் திருடன் மாதிரி நிக்க வெச்சிட்டாங்கன்னு அழுவறான் ஸார்.’’

சுருக்கென்றது. பையன் தப்பு எதுவும் செய்யவில்லை. அவன் பெயரை என் வேலை மேல் ஒட்டியது நான்தானே?

இதில் நான் புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு என்று 1993-லிருந்து நடக்கிறது. தமிழ்நாட்டில் அதைக் கிராமம் வரைக்கும் கொண்டுபோனது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 10 வயதிலிருந்து 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்னை ஒன்றை எடுத்து, தாங்களே அளந்து, எழுதி, தாங்களே சொல்ல வேண்டும். மாடல் அழகாக இருக்கிறதா என்பது அங்கே கேள்வியே இல்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வைத்தே குழந்தைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுத்தார். அவருக்கு 2018-ல் பத்மஸ்ரீயே கிடைத்தது. எனக்குத்தான் மஞ்சள் பெயின்ட் கண்ணை மறைத்துவிட்டது!

இந்தத் தடவை உஷாராக, ‘‘நீங்களே சொல்லுங்க, என்ன செய்யலாம்?’’ என்றேன். ஆனால், பழைய புத்தி போகுமா? நானே ஆரம்பித்தேன்... ‘‘நம்ம பூண்டி பக்கத்துல அத்திரம்பாக்கம் இருக்கு. ராபர்ட் புரூஸ் ஃபூட்னு ஒரு துரை 1863-ல அங்கே ஆதிமனிதனோட கல் ஆயுதங்களைக் கண்டுபிடிச்சார். சாந்தி பப்புன்னு ஒரு அம்மா அங்கே தோண்டி ஆராய்ச்சி பண்ணாங்க. அந்த ஆயுதங்களுக்கு சுமார் 15 லட்சம் வயசுன்னு 2011-ல உலகத்துக்கே சொன்னாங்க...’’

மூன்று பேரும் மரியாதையாகக் கேட்டார்கள். முடித்ததும் ஆறாவது மெல்லக் கையைத் தூக்கினான்.

‘‘அந்தக் கல்லு இருக்கட்டும் ஸார். எங்க கல்லு செய்யலாமா?’’

‘‘எந்தக் கல்லு?’’

‘‘செங்கல்லு. மழை பெஞ்சா பச்சைக்கல் கரையுது. சுட்ட கல் ஏன் கரையல?’’

நான் வாயை மூடிக்கொண்டேன். நல்ல காரியம் செய்தேன்!

அப்புறம் அவன்தான் வாத்தியார். மண்ணைக் கொட்டி, முதல் நாள் ராத்திரியே தண்ணீர் விட்டு ஊறப்போட்டு, காலால் மிதித்து, அச்சில் அடித்து, வரிசையாக வெயிலில் காயவைத்து, திருப்பிப் போட்டு, அடுக்கி... அவன் சொல்லச் சொல்ல எட்டாவது சார்ட்டில் எழுதினாள். ‘செங்கல்’ என்று தமிழிலும், பக்கத்திலேயே ‘இட்டா’ என்று அவன் பாஷையிலும். அந்த ஒடியா எழுத்தை அவனேதான் எழுதினான். வட்ட வட்டமாக அழகாக இருந்தது.

சோதனைக்கு மூன்று கல். நன்றாக வெந்தது, அரைவேக்காடு, சுடாத பச்சைக்கல். பழைய பேப்பர் கடைக்காரரிடம் எலெக்ட்ரானிக் தராசை இரவல் வாங்கி வந்தேன். என் பங்கு அவ்வளவுதான். மூன்றையும் எடை போட்டு, தனித்தனி பக்கெட்டில் தண்ணீரில் போட்டு, 24 மணி நேரம் ஊறவைத்தார்கள்.

மறுநாள் ஓட்டமாக வந்து பார்த்தால்... மூன்றாவது பக்கெட்டில் கல்லைக் காணோம்! குழம்பு மாதிரி சேறுதான் இருந்தது.

வெந்த கல் 2 கிலோ 900 கிராம் இருந்தது, 3 கிலோ 300 ஆகியிருந்தது. அரைவேக்காடு 2 கிலோ 800 இருந்தது, மூன்றரைக் கிலோ. வகுப்பில் சதவீதக் கணக்கு என்றாலே வயிற்று வலி வந்துவிடும் ஏழாவதுக்கு. அன்றைக்கு அவனே தரையில் குந்தி உட்கார்ந்து போட்டான். முதல் கல் குடித்த தண்ணீர் கிட்டத்தட்ட 14 சதவீதம், ரெண்டாவது 25 சதவீதம். சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய விதி. அதைச் சொன்னதும், ‘‘அப்ப ரெண்டாவது கல்லு ஃபெயில்!’’ என்று கத்தினான். ஃபெயில் என்ற வார்த்தையை இன்னொருத்தருக்குச் சொல்வதில் என்ன சந்தோஷம்!

சரி, ஏன் கரையவில்லை? களிமண்ணில் ரெண்டு விதமாகத் தண்ணீர் இருக்கிறது. நாம் ஊற்றிப் பிசைந்த தண்ணீர் வெயிலிலேயே போய்விடும். இன்னொன்று, மண்ணோடு மண்ணாக ரசாயனமாகக் கட்டுண்டு கிடப்பது. அது வெளியேற 500, 600 டிகிரி சூடாவது வேண்டும். இன்னும் சூடேறி ஆயிரம் டிகிரியை நெருங்கும்போது மண் துகள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கின்றன. அப்புறம் எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் பழைய களிமண் ஆகாது. நான் இதை இழுத்து இழுத்து விளக்கிக்கொண்டிருக்க, எட்டாவது ஒரே வரியில் முடித்தாள். ‘‘இட்லி வெந்தப்புறம் மறுபடி மாவாக்க முடியுமா ஸார்? அது மாதிரி!’’

கண்காட்சிக்கு முதல் நாள் சாயங்காலம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஜனவரியில் மழையா! ஒத்திகைக்கு ஆறாவது வரவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு சேம்பருக்குப் போனேன்.

அங்கே யாரும் நின்று பேசுகிற நிலையில் இல்லை. ஆண், பெண், கிழவர், குழந்தை எல்லோரும் ஓடுகிறார்கள். வரிசை வரிசையாக அடுக்கி வைத்த பச்சைக்கல் மேல் தார்பாயை இழுத்துப் போடுகிறார்கள். காற்று அதைத் தூக்கி எறிகிறது. ஒரு மூலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான் பையன். என்னைப் பார்த்ததும் அவன் சொன்னது ஒரே வார்த்தை.

‘‘ஸார்... பக்கெட்!’’

எனக்கு உடனே புரிந்தது. வேப்பமரத்தடியில் நாங்கள் கைதட்டிப் பார்த்த அதே சோதனை. அங்கே ஒரு கல் கரைந்தது. இங்கே கரையப் போவது அவன் அப்பா அம்மாவின் ஒரு வாரம். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. கரைந்த கல் கணக்கில் வராது.

செருப்பைக் கழற்றிவிட்டு நானும் ஒரு மூலையைப் பிடித்தேன். நனைந்து வீட்டுக்குப் போனபோது மணி பத்தரை. நிறையக் காப்பாற்றிவிட்டோம். முழுசாக முடியவில்லை.

மறுநாள் பள்ளியில் எட்டாவதும் ஏழாவதும் மேஜையருகில் நின்றார்கள். நடுவில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டிருந்தார்கள். பக்கத்து மேஜையில் எரிமலை பொங்கியது. எதிர் மேஜையில் சூரியக் குடும்பம். சனி இல்லை! எந்தக் கடை என்று எனக்குத் தெரியும்.

பத்தரை மணிக்கு அப்பாவோடு வந்தான் ஆறாவது. காலில் சேறு காயவில்லை. கையில் ஒரு பச்சைக்கல். ஒரு பக்கம் முழுக்கக் கரைந்து மழுங்கியிருந்தது. யாரையும் கேட்காமல் அதை நாலாவதாக மேஜை மேல் வைத்தான்.

நடுவர் வந்தார். தராசு, பக்கெட், சதவீதம், இட்லி... எல்லாவற்றையும் மூன்று பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். கடைசியில் அந்த மழுங்கின கல்லைத் தொட்டு, ‘‘இது என்னப்பா? சார்ட்ல இல்லையே?’’ என்றார்.

‘‘நேத்து ராத்திரி மழை ஸார். எங்க அம்மா அறுத்த கல்லு. இது கணக்குல வராது.’’

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, எல்லா மேஜையிலும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். ‘‘யார் உதவி பண்ணாங்க?’’

எட்டாவது என் பக்கம் கையைக் காட்டினாள். எனக்குப் பகீரென்றது. மறுபடியுமா!

‘‘அந்த ஸார் தராசு வாங்கிட்டு வந்தாரு. அவ்ளோதான்.’’

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

பரிசா? மூன்றாம் பரிசு. முதல் பரிசு எரிமலைக்கு! நான் விலையை யாரிடமும் சொல்லவில்லை. ஆறாவதின் அப்பா அந்தச் சான்றிதழைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. பையன் வாங்கி நேராகத் திருப்பி, விரல் வைத்துத் தன் பெயரைக் காட்டினான்.

ஜூனில் அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். தகரப் பெட்டிக்குள் துணிக்கு அடியில் ரெண்டு காகிதம் இருந்தது. ஒன்று அந்தச் சான்றிதழ். இன்னொன்று, ஹெச்.எம். அம்மாவிடம் நாங்கள் எழுதி வாங்கிக் கொடுத்த ஆறாம் வகுப்பு முடித்த சர்ட்டிஃபிகேட். ஊர்ப் பள்ளியில் ஏழாவதில் உட்காரவைக்க ரெண்டாவது காகிதம்தான் உதவும். அதை அப்பாவிடம் மூன்று தடவை சொன்னேன்.

‘‘அடுத்த சீஸன் வருவியாடா?’’ என்றேன்.

‘‘அப்பா வந்தா வருவேன். வரலேன்னா அங்கேயே ஸ்கூல் போவேன்’’ என்றான். கொஞ்சம் யோசித்து, ‘‘எது நல்லது ஸார்?’’

வராமலிருந்தால்தான் நல்லது என்று சொல்ல வாய் வந்தது. வேப்பமரத்தடியில் மற்ற ரெண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். தலையைத் தடவிவிட்டு வந்துவிட்டேன்.