'மெதுவா ஓடட்டும்'னு விடாதீங்க! புது கேம் ஷாஃப்ட்டின் முதல் 20 நிமிடங்கள்

பல வாரங்களாக ஒர்க் ஷாப்பில் கிடந்த அப்பா காலத்து அம்பாசடருக்கு இன்று முதல் ஸ்டார்ட். பானெட்டில் சந்தனம், குங்குமம். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டியதும் மெக்கானிக் சாவியைத் திருப்புகிறார். இன்ஜின் பிடித்துக்கொள்ள, குடும்பமே கை தட்டுகிறது. "புது வேலைண்ணே, முறுக்காதீங்க. கொஞ்ச நேரம் மெதுவா ஓடட்டும்" என்கிறார் வண்டிக்காரர்.

அக்கறையில் வரும் பேச்சுதான். ஆனால் உள்ளே புது கேம் ஷாஃப்ட் போட்டிருந்தால், அந்த 'மெதுவா'தான் அதற்கு எமன்.

கடலூர், பண்ருட்டி, நெய்வேலி, சேத்தியாத்தோப்பு என நாலா பக்கச் சாலைகளும் சேரும் ஊர் வடலூர். இங்கே மட்டுமல்ல, பழைய வண்டியை ஆசையாக வைத்திருக்கும் எந்த ஊரிலும் இந்தத் தவறு நடக்கலாம். போர் போட்டு, பிஸ்டன் மாற்றி, ஆயிரக்கணக்கில் செலவழித்த இன்ஜின் முதல் நாளிலேயே மறுபடி பிரிக்கும் நிலைக்கு வந்துவிடும்.

கேம் ஷாஃப்ட் என்ன செய்கிறது?

இன்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் நுழையவும், எரிந்த புகை வெளியேறவும் வால்வுகள் திறந்து மூட வேண்டும். எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது கேம் ஷாஃப்ட். இந்தத் தண்டில் முட்டை வடிவ மேடுகள் இருக்கும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் இது ஒரு சுற்று சுற்றும். ஒவ்வொரு மேடும் தன் மேல் உட்கார்ந்திருக்கும் டேப்பெட்டைத் தூக்க, புஷ் ராட், ராக்கர் வழியாக வால்வு திறக்கும்.

1950-களின் இறுதியில் வந்து 2014-ல் உற்பத்தி நின்ற அம்பாசடரை எடுத்துக்கொள்வோம். நீண்ட காலம் அதில் இருந்தது 1,489 சிசி இன்ஜின். நான்கு சிலிண்டர், எட்டு வால்வு, எட்டு டேப்பெட். டேப்பெட்டில் உருளை கிடையாது. இரும்பின் மேல் இரும்பு நேரடியாக உரசும். இந்த மாதிரி அமைப்புக்குத்தான் முதல் 20 நிமிடம் உயிர்நாடி.

ஐடிலிங் ஏன் ஆபத்து?

மேடும் டேப்பெட்டும் தொடும் இடம் மெல்லிய கோடு அளவுதான். வால்வு ஸ்பிரிங்கின் மொத்த அழுத்தமும் அதில் இறங்கும். புதுசாகக் கடைந்த இரண்டு பரப்புகளும் ஒன்றுக்கொன்று இன்னும் பழகவில்லை. பழகும் வரை நடுவில் ஆயில் இருந்தே ஆக வேண்டும்.

இந்த வகை இன்ஜின்களில் கேம் மேடுகளுக்குப் பெரும்பாலும் கிராங்க் சுற்றும்போது சிதறும் ஆயில்தான் கிடைக்கிறது. ஐடிலிங்கில் அந்தச் சிதறல் குறைவு. மேட்டின் உச்சியில் ஸ்பிரிங் அழுத்தமும் முழுதாக இருக்கும். வேகம் கூடினால் ஆயில் நன்றாகத் தெறிக்கும், உச்சியில் அழுத்தமும் ஓரளவு குறையும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. தட்டையாகத் தெரியும் டேப்பெட்டின் அடிப்பகுதி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அளவு குவிந்திருக்கும். மேடு அதை நட்ட நடுவில் தொடாமல் சற்று ஓரமாகத் தொடும். அதனால் டேப்பெட் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே ஏறி இறங்கும், தேய்மானமும் ஒரே இடத்தில் விழாது. சுற்றாத டேப்பெட் மேட்டைச் சீவித் தள்ளிவிடும். சீவிய இரும்புத்தூள் ஆயிலோடு கலந்து பேரிங், பிஸ்டன் வரை போகும்.

அதனால்தான் புது கேமுக்குப் பழைய டேப்பெட் ஆகாது. எட்டும் புதுசாக இருக்க வேண்டும். பழைய கேமையே திரும்பப் போட்டால், எந்த டேப்பெட் எந்த மேட்டில் இருந்ததோ அங்கேயே வைக்க வேண்டும். கழற்றும்போதே வரிசை எண் எழுதி வைப்பது நல்லது.

ஆயிலில் என்ன இருக்கிறது?

துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த ஒரு சேர்மானம் இன்ஜின் ஆயிலில் உண்டு. சுருக்கமாக இசட்.டி.டி.பி. சூடும் அழுத்தமும் சேரும் இடத்தில் இது இரும்பின் மேல் மெல்லிய காப்புப் படலமாகப் படியும்.

ஆனால் பாஸ்பரஸ், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 முதல் புது பெட்ரோல் கார்களுக்கு அந்தக் கருவி கட்டாயமானது. உலக அளவில் புதிய தலைமுறை பெட்ரோல் கார் ஆயில்களில் இந்தச் சேர்மானம் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. விலை உயர்ந்த புது ஆயில் பழைய அம்பாசடருக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். துத்தநாகம் கூடுதலாக உள்ள பழைய இன்ஜின் ஆயிலா, ரன்னிங்-இன் ஆயிலா என்று கேட்டு வாங்குங்கள்.

சாவியைத் திருப்பும் முன்

* கேம் மேடுகளிலும் டேப்பெட் அடியிலும் கேமுக்கென விற்கும் அசெம்பிளி பேஸ்ட் தடவியிருக்க வேண்டும். வெறும் ஆயில் போதாது.
* அம்பாசடரில் ஆயில் பம்ப்பைச் சுற்றுவதும் கேம்தான். அதனால் பூட்டும்போதே பம்ப்பில் ஆயில் நிரப்ப வேண்டும்.
* டிஸ்ட்ரிபியூட்டர் டைமிங்கை முன்கூட்டியே வைத்து, கார்புரேட்டரில் பெட்ரோல் நிரப்புங்கள். திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்தால் மேட்டில் தடவிய பேஸ்ட் வழிந்துவிடும்.
* ரேடியேட்டரில் தண்ணீர் முழுதாக இருக்கட்டும். ஆயில் பிரஷர் காட்டும் மீட்டர் வேலை செய்ய வேண்டும்.
* வண்டி திறந்த வெளியில் நிற்கட்டும். மூடிய ஷெட்டில் 20 நிமிடம் ஓடும் இன்ஜினின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிரையே பறிக்கும். பிள்ளைகளும், துப்பட்டா, வேட்டி நுனியும் ஃபேன் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

அந்த 20 நிமிடங்கள்

இன்ஜின் பிடித்த உடனே ஆக்ஸிலரேட்டரை ஏற்றி 2,000 ஆர்.பி.எம்.முக்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு 2,000-க்கும் 2,500-க்கும் இடையே மெதுவாக ஏற்றி இறக்கியபடி 20 முதல் 30 நிமிடம் ஓட வேண்டும். ஐடிலிங்குக்கு வரவே கூடாது. கேம் தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே முடிவு.

ஆயில் பிரஷர் விழுந்தாலோ, தண்ணீர் கொதித்தாலோ, ஆயில் ஒழுகினாலோ உடனே ஆஃப் செய்யுங்கள். ஐடிலிங்கில் விட்டுவிட்டுச் சரிபார்க்க வேண்டாம். கோளாறை நீக்கிய பின் மறுபடி ஸ்டார்ட் செய்து மீதி நேரத்தை முடிக்கலாம்.

முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். வடித்த ஆயிலில் காந்தத்தை விட்டுப் பார்த்தால் விஷயம் தெரியும். சாம்பல் நிறத்தில் லேசான பசை வந்தால் இயல்பு. மினுமினுக்கும் துகள்கள் வந்தால் வண்டியை எடுக்காதீர்கள். டேப்பெட் இடைவெளி திடீரென அதிகமாகி 'டிக் டிக்' சத்தம் வருவதும் மேடு தேய்வதன் அடையாளம்.

எல்லாம் சரியாக இருந்தால் குறிஞ்சிப்பாடி வழியாக ஒரு கடலூர் சவாரி. ஒரே வேகத்தில் போகாமல், அளவாக ஏற்றி இறக்கி ஓட்டினால் பிஸ்டன் ரிங்கும் போரில் படியும்.

எல்லா வண்டிக்கும் இதேவா?

இல்லை. உருளை டேப்பெட் உள்ள இன்ஜினுக்கும், கேம் தலைக்கு மேல் இருக்கும் புதிய கார்களுக்கும் முறை வேறு. டிராக்டர், பம்ப்செட்டுக்கு அவற்றின் கையேட்டைப் பாருங்கள். பழைய புல்லட் காற்றில் குளிரும் இன்ஜின். நிறுத்தி வைத்து 20 நிமிடம் முறுக்கினால் சூடேறிவிடும். அதற்குப் பெரிய மின்விசிறியும் அனுபவமுள்ள மெக்கானிக்கும் வேண்டும்.

அம்பாசடர் வீட்டாருக்கு ஒன்றுதான். பூஜையை இன்ஜின் ஆஃபில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். சாவி திரும்பிய பிறகு 20 நிமிடம் மெக்கானிக்குக்கு. போட்டோவும் எலுமிச்சம்பழமும் அதற்கப்புறம்.