உத்தியோகத்துக்கு விலை இல்லை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையின் இருமருங்கும் விரிந்து கிடக்கும் கரிசல் காட்டில் மழையை எதிர்பார்த்து விதைக்கிற சம்சாரி, வாங்கி வந்த விதையை அப்படியே நிலத்தில் தூவிவிடுவதில்லை. நூறு விதைகளை எண்ணி ஈரச்சாக்கில் முடிந்துவைத்து, சில நாள் கழித்து அவிழ்த்து, எத்தனை முளைவிட்டன என்று பார்த்த பிறகே விதைப்பில் இறங்குகிறார். அவருடைய மகனோ மகளோ மென்பொருள் எழுதக் கற்று உத்தியோகம் தேடிப் புறப்படுகையில் மட்டும் அந்த ஜாக்கிரதை வீட்டிலேயே தங்கிவிடுகிறதே என்ற விசாரம்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

அண்மையில் ஒரு நெசவாளர் வீட்டில், பிள்ளைக்கு வந்திருந்த நியமனக் கடிதத்தின் பிரதியொன்றை வாங்கிப் பார்த்தேன். பிரபலமான ஒரு நிறுவனத்தின் முத்திரை அதில் பளபளத்தது. சம்பளம், சேர வேண்டிய தேதி, பெங்களூரு விலாசம் எல்லாம் ஒழுங்காக அச்சாகியிருந்தன. ஆனால் கடிதம் வந்த மின்னஞ்சலோ எவரும் இலவசமாகத் தொடங்கக்கூடிய ஜிமெயில் முகவரி. நேர்முகத் தேர்வு என்று ஒன்று நடக்கவே இல்லை. மடிக்கணினிக்குக் காப்புத்தொகையாகக் கேட்டிருந்த பணத்தைச் செலுத்தச் சொன்ன கணக்கும் யாரோ ஒரு தனி மனிதரின் பெயரில் இருந்தது. அந்தத் தாயார் காதுத் தோட்டை அடகு வைப்பதற்கு ஒரு நாள் முன்னதாக அக்கடிதம் என் கண்ணில் பட்டது தெய்வாதீனம்.

ஆகவே முதல் விதி இது: உங்கள் உழைப்பை வாங்குகிறவர்தாம் உங்களுக்குப் பணம் தர வேண்டுமேயன்றி, நீங்கள் அவருக்குத் தரவேண்டியதில்லை. டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் முதலிய பெரிய நிறுவனங்கள், ஆள் சேர்ப்புக்கு எக்கட்டணமும் வாங்குவதில்லை என்று பகிரங்கமாகவே அறிவித்திருக்கின்றன. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரும் முன்பணம் என்று எப்பெயரில் வந்தாலும், உத்தியோகத்துக்கு முன்னால் வருகிற பணக் கோரிக்கை அபாயத்தின் அறிகுறியே. கம்பெனி உண்மையில் பதிவு பெற்றதா என்பதை மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் எவரும் பார்த்துக்கொள்ளலாம். நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்குத் தொலைபேசி செய்து கேட்பதிலும் குறைவொன்றுமில்லை.

இரண்டாண்டு அனுபவம் இருப்பதாகச் சான்றிதழ் தயாரித்துத் தருகிறோம் என்பாரும் உளர். வருங்கால வைப்புநிதிக் கணக்கைப் பார்த்த மாத்திரத்தில் அந்தப் பொய் வெளிப்பட்டுவிடும். வேலை போவதோடு, போலி ஆவணம் கொடுத்த குற்றமும் நம் தலையில் விழும்.

எல்லாவற்றினும் கொடிய அபாயம் கடல் கடந்தது. தாய்லாந்தில் கணினி உத்தியோகம் என்று நம்பிப் போன நம்மவர்கள் எல்லை கடத்தப்பட்டு, மியான்மரின் மியாவாடிப் பகுதியில் அடைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி நிர்ப்பந்திக்கப்பட்ட கொடுமை 2022ஆம் ஆண்டில் அம்பலமாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விடுத்தது. அக்டோபரில் மீட்கப்பட்ட தமிழர் 13 பேர் சென்னை வந்து சேர்ந்தனர். அதன் பின்னரும் கண்ணி ஓயாமல், 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் ஐந்நூறுக்கு மேற்பட்ட இந்தியரை அழைத்துவர நேர்ந்தது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் அரசிடம் பதிவு பெற்றிருத்தல் கட்டாயம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும், வரி நீங்கலாக, 30,000 ரூபாய் என்ற உச்சவரம்பு உண்டு. பதிவு பெற்றோர் பட்டியல் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. சுற்றுலா விசாவில் வேலைக்கு வரச் சொல்கிறவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

மெய்யான வேலை கிடைத்த பிறகும் உரிமைகளை அறிந்திருத்தல் அவசியம். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதம் அளிப்பதைக் கட்டாயமாக்கியுள்ளன. அசல் சான்றிதழைச் சரிபார்த்த கையோடு திருப்பித் தருவதே முறை. கல்விச் சான்றிதழ் விற்பனைப் பண்டமன்று, அதைப் பாக்கிக்குப் பிணையாகப் பிடித்துவைக்க இயலாது என்று கல்லூரிகள் தொடர்பான வழக்குகளில் சென்னை உயர்நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. வேலையை விட்ட பின் வேறெங்கும் பணிபுரியக்கூடாது என்ற நிபந்தனை, 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. ஆனால் குறிப்பிட்ட காலம் வேலை செய்வதாக எழுதிக்கொடுக்கும் பாண்டு எல்லாமே செல்லாது என்று எண்ணிக் கையெழுத்திடலாகாது: மூன்றாண்டு நிறையுமுன் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற வங்கி நிபந்தனை ஒன்றை 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. படித்துப் புரிந்துகொண்டு, ஒரு பிரதி வாங்கிய பிறகே ஒப்பமிடுங்கள்.

நல்ல தேடலே மோசடிக்குச் சிறந்த காப்பு. ஒரே விண்ணப்பத்தை இருநூறு இடங்களுக்கு அனுப்பிவிட்டு, பதில் வராத விரக்தியில் தவிப்பவர்தாம் முதலில் வரும் பொய்க் கடிதத்தைப் பற்றிக்கொள்கிறார். பத்து நிறுவனங்களைத் தேர்ந்து, அவை கேட்கும் திறமைக்கேற்ப விண்ணப்பத்தைத் திருத்தி எழுதுங்கள். நூல் கொடுத்துப் புடவை வாங்கும் தறிக் கணக்கையோ, மல்லிகை வரவை எடை போட்டு எழுதும் கமிஷன் கடைச் சிட்டையையோ ஒழுங்குபடுத்தும் ஒரு சிறு மென்பொருளை நீங்களே எழுதி, அதன் நிரலை கிட்ஹப் இணையதளத்தில் எவரும் காண வையுங்கள். ஒவ்வொரு வரியையும் ஏன் அப்படி எழுதினோம் என்று விளக்கத் தெரிந்தவருக்கு, நேர்முகத் தேர்வில் வேறு சிபாரிசு வேண்டியதில்லை. ஏற்கெனவே பணியில் இருக்கும் கல்லூரி மூத்தோரிடம் கேட்பதில் வெட்கமும் வேண்டாம். பக்கத்திலேயே தேடவும் இடமுண்டு: மதுரையில் இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் தமிழக அரசின் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் உண்டு. தென்காசிக்கருகே மத்தளம்பாறையில் ஸோஹோ மென்பொருள் நிறுவனம் இயங்குகிறது. விருதுநகர் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகமும், இளைஞரின் திறன் வளர்க்கத் தமிழக அரசு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டமும் காசு கேட்பதில்லை.

ஒருகால் ஏமாந்துவிட்டால், முதற்காரியமாக இணைய நிதி மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள். தாமதியாமல் தெரிவித்தால், பணம் கை மாறுமுன் வங்கிக் கணக்கில் முடக்க வழியுண்டு. கடிதம், உரையாடல், பணம் செலுத்திய ரசீது ஆகிய எதையும் அழிக்காமல் மாவட்ட சைபர் கிரைம் காவல்துறையிடம் புகார் கொடுங்கள். வெளிநாட்டு முகவர் செய்த மோசடியானால் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் எழுதுங்கள். ஊர் சிரிக்குமே என்று வாய்மூடி இருப்பது, மோசக்காரனுக்கு அடுத்த வீட்டின் வழியைக் காட்டுவதாகும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கணினி நமக்கு விளங்காது என்று ஒதுங்கி நிற்காதீர்கள். பணம் யார் யாருக்குத் தருவது என்ற கேள்வி உங்களுக்கு நன்றாக விளங்கும். நகையைக் கழற்றுமுன் கடிதத்தைக் கேட்டு வாங்கி, உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.