பாலாற்றுக் கிணறுகளும் அயல்நாட்டு நிதியும்

வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரங்களில் கிணறு உப்பாகிப் போன விவசாயிகள் வெகு காலமாகக் கேட்டு வரும் கேள்வி ஒன்று உண்டு. தோல் கழிவை அடக்க உலக வங்கி பணம் தந்தது, ஐ.நா. சபை உதவியது என்கிறார்களே, அந்தப் பணம் எங்கே போயிற்று? நம் கிணறு ஏன் இன்னும் கரிக்கிறது?

இதற்கு விடை தெரிய வேண்டுமானால் முதலில் உப்பு வரும் வழியைப் பார்க்க வேண்டும். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க, உரித்த இடத்திலேயே உப்புத் தடவி அனுப்புகிறார்கள். தோலின் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு உப்பு சேர்ந்துவிடுகிறது. தொழிற்சாலைக்கு வந்ததும் முதல் வேலை, தோலை ஊற வைத்து அந்த உப்பைக் கழுவுவதுதான். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகும் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே குறிக்கப்பட்டுள்ளது. முன்பு ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். 1970-களில் மத்திய அரசு முடித்த தோல் ஏற்றுமதிக்கு ஊக்கம் கொடுத்த பிறகு குரோம் பதனீடு பரவியது. போட்ட குரோமில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் தோலில் ஏறும். மீதி தண்ணீரோடு போகும்.

1991-ல் மத்திய அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு ஒரு திட்டம் வகுத்தது. செலவில் கால் பங்கு மத்திய அரசு மானியம், கால் பங்கு மாநில அரசு மானியம், மீதி தொழிற்சாலைகளின் பொறுப்பு. அதே ஆண்டில் உலக வங்கியும் தொழில் மாசுக் கட்டுப்பாட்டுக்கென இந்தியாவுக்குக் கடன் வழங்கியது. அது நன்கொடை அல்ல, கடன். ஐ.நா. தொழில் வளர்ச்சி நிறுவனம் 1990-களில் சென்னையை மையமாக வைத்து, தோல் மாசைக் குறைக்கும் வட்டாரத் திட்டம் ஒன்றை நடத்தியது. தோலை ஊற வைக்கும் முன்பே உப்பை உதறி எடுப்பது, தொட்டி நீரிலிருந்து குரோமைப் பிரித்து மறுபடி பயன்படுத்துவது போன்ற முறைகள் அதன் மூலம் பரவின.

இவ்வளவும் நல்லதே. ஆனால் முதலில் கட்டிய நிலையங்கள் குரோமையும் அழுகும் பொருளையும் நீக்கினவே தவிர, கரைந்த உப்பை நீக்கவில்லை. தெளிந்த தண்ணீர்தான் வெளியே வந்தது. உப்பு அதிலேயே இருந்தது. பயிருக்குக் கேடு செய்வதோ அந்த உப்பு. சவ்வு முறையில் உப்பைப் பிரித்து, மிச்சத்தை வற்றக் காய்ச்சும் ஏற்பாடு பின்னாளில்தான் வந்தது. அதற்கு மின்சாரச் செலவு அதிகம். பிரித்தெடுத்த கலப்பு உப்பை எங்கே கொட்டுவது என்ற தொல்லை வேறு.

உலக நாடுகளின் ஒப்பந்தங்கள் உதவாதா? 1989-ல் உருவான பாசெல் ஒப்பந்தத்தில் இந்தியா 1992-ல் சேர்ந்தது. அது முக்கியமாக நாடு விட்டு நாடு போகும் அபாயக் கழிவைப் பற்றியது. 2001-ல் வந்த ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்துக்கு உலகச் சுற்றுச்சூழல் நிதியம் பணம் தருகிறது. அது டி.டி.டி. போன்ற, மண்ணில் நெடுங்காலம் அழியாத ரசாயனங்களுக்கு. குரோமும் சாதாரண உப்பும் அந்தப் பட்டியலில் இல்லை. இராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் தொழிற்சாலை விட்டுப்போன ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு மேடு, 2006-ல் நியூயார்க் நிறுவனம் ஒன்று வெளியிட்ட உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ஏறியது. பட்டியலில் ஏறினால் பெயர் கிடைக்கும். மேட்டை அப்புறப்படுத்தும் செலவு உள்நாட்டின் தலையில்தான்.

ஆகவே அயல்நாட்டுப் பணம் தொழிற்சாலையின் குழாயோடு நின்றுவிடுகிறது. கெட்ட நிலத்துக்கு ஈடு, கெடுத்தவரிடமிருந்துதான் வர வேண்டும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான். சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் முழுவதுமாகவோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு அந்தத் தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டது. பின்னர் அமைந்த ஆணையம் 2001-ல் சுமார் 29,000 குடும்பங்களுக்கு ஏறக்குறைய 26.8 கோடி ரூபாய் நிர்ணயித்தது. குடும்பத்துக்குச் சராசரி பத்தாயிரம்கூட ஆகவில்லை. கிணற்றைத் தூர் வாரவும் காணாத தொகை! அதிலும் எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம், பாக்கித் தொகையை மாநில அரசே முதலில் கொடுத்துவிட்டுத் தொழிற்சாலைகளிடம் வசூலிக்க வேண்டும் என்றும், கேடு நீங்கும் வரை பொறுப்பு தீராது என்றும் கூறியது. ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட்டது.

இந்த நிலையில் விவசாயிகள் ஆதாரங்களைச் சேர்த்து வைப்பது அவசியம். சிட்டா, அடங்கல் நகலோடு, கிணற்று நீர்ப் பரிசோதனை முடிவுகளையும் ஆண்டுவாரியாக வைத்திருக்க வேண்டும். நீரின் மின் கடத்துதிறன் 2.25 மில்லிமோவுக்கு மேல் இருந்தால் சாதாரணப் பயிர்களுக்கு ஆகாது. மண்ணைச் சோதிக்காமல் ஜிப்சம் போடுவது வீண் செலவு. சோடியம் ஏறிய களருக்கு அது பலன் தரும். வெறும் உப்பு ஏறிய நிலத்தை நல்ல தண்ணீர் கட்டி, வடித்துத்தான் கழுவ முடியும். குரோம் கலந்த கசடை உரமென்று இலவசமாகக் கொண்டுவந்து கொட்டினாலும் நிலத்தில் சேர்க்கக் கூடாது. சட்டப்படி அது அபாயக் கழிவு.

மாதிரி எடுக்கும்போது மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிடிக்க வேண்டும். கோடையில் ஒரு முறையும் மழைக்காலம் முடிந்து ஒரு முறையும் எடுத்து, சர்வே எண்ணும் தேதியும் எழுதி ஒட்டி, மண் மாதிரியோடு பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பலாம்.