நட் ஏறினால் மட்டும் போதாது

அலாய் வீல் வாங்கப் போனால் கண் முதலில் டிசைனுக்குத்தான் போகும். அதைக் கடைசியாகப் பாருங்கள். அதற்கு முன் நான்கு அளவுகள் காருக்குப் பொருந்தியாக வேண்டும்.

பிசிடி: நட் துளைகளின் மையங்களைத் தொட்டுச் செல்லும் வட்டத்தின் விட்டம். மாருதி ஸ்விஃப்டுக்கு 4×100. அதாவது நான்கு துளை, 100 மி.மீ. ஹூண்டாய் கிரெட்டாவுக்கு 5×114.3. ஃபியட் புன்டோவுக்கு 4×98. 4×98 காரில் 4×100 வீலை மாட்டினால், அந்த 2 மி.மீ. வித்தியாசத்தில் நட் எப்படியோ ஏறிவிடும். ஆனால் சாய்ந்து இறுகும், ஓட்டத்தில் தளரும். இதில் சமரசமே கூடாது.

சென்டர் போர்: வீலின் நடுத்துளை. அது காரின் ஹப்பைவிடச் சிறிதாக இருந்தால் வீல் உட்காராது. வெளிக்கடை வீல்களில் பெரும்பாலும் பெரிதாகவே இருக்கும். அந்த இடைவெளியைச் சரியான அளவு ஹப் ரிங் போட்டு அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் வேகம் கூடும்போது ஸ்டீயரிங் நடுங்கலாம்.

ஆஃப்செட்: பலர் ஏமாறும் இடம் இது. வீலின் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பதே இந்த எண். வீலில் 'ஈடி' என்ற குறிப்போடு பொறித்திருப்பார்கள். எண் குறைந்தால் வீல் வெளியே தள்ளும். கூடினால் உள்ளே போகும். 6 அங்குல அகலம், ஈடி 45 உள்ள வீலைக் கழற்றி, 7 அங்குலம், ஈடி 35 போடுவதாக வைத்துக்கொள்வோம். அகலம் கூடியதால் இருபுறமும் 12.7 மி.மீ. வளரும். ஆஃப்செட் குறைந்ததால் வீல் மொத்தமாக 10 மி.மீ. வெளியே நகரும். ஆக, வெளிப்புறம் 22.7 மி.மீ. துருத்தும், உட்புறம் 2.7 மி.மீ. நெருங்கும். பள்ளத்தில் இறங்கும்போது டயர் ஃபெண்டரில் உரசலாம். வீல் பேரிங்குக்கும் சுமை கூடும்.

மொத்த விட்டம்: ரிம் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் குறைய வேண்டும். 185/65 ஆர்15 டயரின் உயரம் ஏறத்தாழ 621 மி.மீ.; 195/55 ஆர்16 டயருக்கும் அதே உயரம்தான். அதனால் ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகம் மாறாது. ஆனால் பக்கச்சுவர் மெலிந்துவிட்டதால் குழியில் விழுந்தால் ரிம்முக்கு அடி அதிகம்.

நான்கும் ஒத்துவந்தாலும், வீல் தாங்கும் எடையைக் கேளுங்கள். நட்டின் அடிப்பாகம் கூம்பா, உருண்டையா என்று பார்த்து வீலுக்கு ஏற்றதை வாங்குங்கள். பணம் கொடுக்கும் முன் முன்பக்கம் ஒரு வீலை மாட்டி, ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுக்க ஒடித்து, பிரேக் காலிப்பரிலோ ஃபெண்டரிலோ உரசுகிறதா என்று பாருங்கள். பூட்டி 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளின் இறுக்கத்தை டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.