பாட்டியின் கீரையும் எலி மருந்தும்

கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கும் என் பாட்டிக்கு இதய வால்வு மாற்றி ஆறு வருடமாகிறது. அன்றிலிருந்து வார்ஃபரின் மாத்திரை. வால்வில் இரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க அது வேண்டும். கிளினிக்கில் அடிக்கடி ஐஎன்ஆர் என்ற அளவைப் பார்ப்பார்கள். மருந்து சாப்பிடாதவருக்கு அது 1 அளவில் இருக்கும். வார்ஃபரின் எடுப்பவருக்குப் பெரும்பாலும் 2க்கும் 3க்கும் இடையில் வைப்பார்கள், சில வால்வுகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக. போன தீபாவளிக்கு முன்பு பாட்டியின் அளவு திடீரென்று இறங்கிவிட்டது.

மாத்திரையை மறந்தீர்களா என்று கேட்டார்கள். "ஒருநாள்கூட விடலைய்யா" என்றார் பாட்டி. மருந்தாளர் அடுத்துக் கேட்டது, சாப்பாட்டில் ஏதாவது மாற்றினீர்களா என்று. விஷயம் அங்கேதான் இருந்தது. முருங்கைக்கீரை இரத்தத்தைச் சுத்தம் செய்யும் என்று உறவினர் ஒருவர் சொல்ல, வேலியோரத்து மரத்தில் பறித்து மூன்று வாரமாகத் தினமும் சமைத்திருக்கிறார்.

கீரையில் குற்றமில்லை. அதில் வைட்டமின் கே நிறைய இருக்கிறது. காயம் பட்டால் இரத்தம் உறைவதற்கான புரதங்களைக் கல்லீரல் தயாரிக்க அந்த வைட்டமின் தேவை. ஒருமுறை வேலை செய்த வைட்டமின் கே-யை உடல் புதுப்பித்துத் திரும்பப் பயன்படுத்தும். வார்ஃபரின் அந்தப் புதுப்பித்தலைத் தடுக்கிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த மருந்து இன்னொரு வேடத்தில் பழக்கம். செம்பனை மரத்தடியில் எலிக்கு வைத்த மருந்துக்கட்டிகளில் வார்ஃபரின்தான் பல காலம் இருந்தது. தின்ற எலி சில நாளில் உள்ளே இரத்தம் கசிந்து சாகும். மனிதருக்குக் கொடுப்பது மிகக் குறைந்த அளவு, அதுவும் பரிசோதித்துக்கொண்டே. அளவு மிஞ்சிவிட்டால் மருத்துவர்கள் கொடுக்கும் மாற்று மருந்து வைட்டமின் கே. ஆக, பாட்டி தினமும் மாத்திரையோடு மாற்று மருந்தையும் தட்டில் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அளவு இறங்கினால் இரத்தக்கட்டி உருவாகி மூளைக்குப் போகலாம், பக்கவாதம் வரும். பயந்துபோய்க் கீரையை ஒரேயடியாக நிறுத்தினாலும் ஆபத்து, அப்போது அளவு ஏறி இரத்தக் கசிவு வரலாம். ஆஸ்பிரின் போன்ற மற்ற மாத்திரைகளுக்கு இந்தக் கீரைக் கணக்கு கிடையாது. வார்ஃபரின் வகை மருந்துகளுக்குத்தான்.

பிறந்த குழந்தைக்கு மருத்துவமனையில் போடும் ஊசிகளில் ஒன்றும் இந்த வைட்டமின் கே-தான். தாயின் உடலிலிருந்து குழந்தைக்கு அது மிகக் குறைவாகவே போகும், தாய்ப்பாலிலும் குறைவு. அந்த ஊசி இல்லாவிட்டால் சில குழந்தைகளுக்கு மூளைக்குள்ளேயே இரத்தம் கசியும். வேண்டாம் என்று சொல்லும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கே-யைப் போலவே ஏ, டி, ஈ ஆகிய மூன்றும் கொழுப்பில் கரைபவை. பி, சி வகைகள் தண்ணீரில் கரையும். மிஞ்சியதில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். இந்த நான்கும் அப்படியல்ல. உணவில் எண்ணெய் இருந்து, பித்தநீர் அதைக் கலக்கினால்தான் குடல் இவற்றை நன்றாக உறிஞ்சும். கொலஸ்ட்ரால் என்று மருத்துவர் சொன்ன மறுநாளே நம் வீடுகளில் எண்ணெய்ப் போத்தலை ஒளித்துவிடுகிறார்கள். பாயாம் கீரையை வெறும் தண்ணீரில் அவித்து முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். சுவையும் இல்லை, சத்திலும் பாதி வீண். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு தாளித்துக் கொட்டினால் போதும்.

எண்ணெய் என்றதும் செம்பனை நினைவுக்கு வருகிறது. நம் தாத்தாக்கள் குலை குலையாக வெட்டி லாரி ஏற்றிய அந்தப் பழத்தின் சிவப்பு, கேரட்டில் இருக்கும் அதே கரோட்டின். உடல் அதை வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும். ஏ குறைந்தால் மாலைக்கண் வரும். ஆனால் ஆலையிலிருந்து வந்த எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது களிமண் சேர்த்து நிறம் எடுத்து, அதிகச் சூட்டில் வாடையும் போக்குகிறார்கள். கரோட்டின் அதோடு போய்விடும். கடையில் நாம் வாங்குவது வெளிர்மஞ்சள். ஈ வைட்டமின் மட்டும் அதில் ஓரளவு மிஞ்சும். கரோட்டினைக் காப்பாற்றித் தயாரித்த சிவப்புச் செம்பனை எண்ணெயும் விற்பனைக்கு இருக்கிறது. அதிலும் ஏறக்குறைய பாதி நிறைகொழுப்புதான் என்பதால் தாராளமாக ஊற்ற முடியாது.

டி-யின் கதை வேறு. வெயிலில் தோல் அதைத் தயாரித்துக்கொள்ளும். ஆண்டு முழுக்க வெயில் அடிக்கும் நாட்டில் இது குறையுமா என்று நானும் நினைத்தேன். குறைகிறது. கோலாலம்பூர்ப் பெண்களிடம் நடந்த ஆய்வுகளிலேயே தெரிய வந்தது. காரிலிருந்து அலுவலகம், அலுவலகத்திலிருந்து பேரங்காடி; கண்ணாடி வழியே வரும் வெயில் இதற்கு உதவாது. நம் கருந்தோலுக்கு வெயிலில் கூடுதல் நேரமும் வேண்டும். குறைந்தால் எலும்பு பலம் இழக்கும்.

அதற்காக மருந்தகத்தில் கண்ட மாத்திரையை வாங்கி விழுங்குவதும் சரியல்ல. டி மிஞ்சினால் இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து ஏறி வாந்தி வரும், சிறுநீரகம் பாதிக்கும். கல்லீரல் ஏ-யை மாதக்கணக்கில் சேர்த்து வைக்கும். கரோட்டின் மிஞ்சினால் உள்ளங்கை மஞ்சளாகும், அவ்வளவுதான். மாத்திரையிலும் ஈரலிலும் நேரடியாக இருக்கும் ஏ மிஞ்சினால் ஈரல் கெடும். கர்ப்பிணிகளுக்கோ குழந்தையின் உடல் உறுப்புகளே பாதிக்கப்படலாம். கர்ப்பத்தின்போது இரத்தம் ஊறட்டும் என்று வாரம் தவறாமல் ஆட்டு ஈரல் சமைத்துப் போடும் மாமியார்கள் ஒருமுறை கிளினிக்கில் கேட்டுக்கொள்வது நல்லது.

பாட்டியின் கீரையை யாரும் நிறுத்தவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள், ஒரே அளவு கிண்ணத்தில் என்று மருந்தாளர் முடிவு செய்து, மாத்திரை அளவையும் அதற்கேற்ப வைத்தார். செவ்வாயும் வெள்ளியும் என்று நாளைத் தேர்ந்தெடுத்தது பாட்டி. போன மாதம் அளவு 2.6.