செவிவழி வாசிப்பு – 9: படமாகிப் போன எழுத்து

நார்த்தாமலையில் மேலமலை மீது நிற்கும் விஜயாலய சோழீஸ்வரத்தை முதலில் கட்டியவர் யார் என்பது ஒரு சிறிய கல்வெட்டால்தான் நமக்குத் தெரிகிறது. வாயிற்காவலர் சிலைக்குக் கீழே வெட்டியிருக்கிறார்கள். இளங்கோவதியரையன் என்னும் சாத்தன் பூதி எடுப்பித்த கற்றளி மழையில் சிதைந்தது, மல்லன் விடுமன் அதைப் புதுப்பித்தான் என்பது அதன் செய்தி. கோயிலின் பெயரில் விஜயாலய சோழன் இருக்கிறான். கட்டியதோ 9ஆம் நூற்றாண்டின் முத்தரையர் தலைவன். அந்தச் சில வரிகள் இல்லையென்றால் பெயரை வைத்தே வரலாற்றை எழுதி முடித்திருப்போம்.

கல்லில் இருந்த அந்த வரிகள் நம் கைக்கு வந்த வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கல்வெட்டைச் சுத்தம் செய்து, ஈரத் தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை பிரஷ்ஷால் தட்டி, மேலே மை ஒற்றி எடுப்பார்கள். அதற்கு மைப்படி என்று பெயர். கறுப்பில் வெள்ளையாக எழுத்துகள் தெரியும். ஆனால், மைப்படி எடுத்த அன்றே கல்வெட்டைப் படித்தாகிவிட்டது என்று எந்தக் கல்வெட்டாய்வாளரும் சொல்ல மாட்டார். அது எழுத்தின் படம். ஒருவர் உட்கார்ந்து, எழுத்தெழுத்தாக அடையாளம் கண்டு, இன்றைய எழுத்தில் பெயர்த்து எழுத வேண்டும். புதுக்கோட்டை சமஸ்தானம் அந்த வேலையை ஒழுங்காகச் செய்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் மூலபாடம் 1929இல் புத்தகமாக அச்சாகி வந்தது. அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பை கே.ஆர். சீனிவாச ஐயர் 1940களில் கொண்டுவந்தார். நார்த்தாமலையைப் பற்றி இன்று யார் எழுதினாலும் இந்தப் புத்தகங்களில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிப்பவர்களுக்கு நான் பார்வையற்றவன் என்பது தெரியும். மூலபாடப் புத்தகத்தின் ஸ்கேன் பிரதி என்னிடம் இருக்கிறது. கணினியில் அதைத் திறந்தால் என் ஸ்கிரீன் ரீடர் கோப்பின் பெயரைச் சொல்கிறது, பக்கம் காலி என்கிறது, நின்றுவிடுகிறது. பார்வையுள்ளவர் கண்ணுக்குப் பக்கம் முழுக்க எழுத்து. மென்பொருளுக்கு அது ஒரு போட்டோ. கோயில் கோபுரத்தின் போட்டோவுக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. கல்லிலிருந்து எழுத்தை அரும்பாடுபட்டு மீட்டுத் தந்தார்கள். நாம் அதை மறுபடியும் படமாக்கி வைத்திருக்கிறோம்.

படத்திலிருந்து எழுத்தை எடுக்க ஓசிஆர் இருக்கிறது. இன்றைய தமிழ் அச்சில் அது நன்றாகவே வேலை செய்கிறது. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையான நூல்கள் பல இந்த வழியில்தான் எழுத்தாகி, தன்னார்வலர்கள் கையால் திருத்தம் பெற்று வருகின்றன. பழைய அச்சு என்றால்தான் சிக்கல். நார்த்தாமலைப் பக்கங்களை ஓசிஆரில் போட்டு, வந்ததைத் திருத்துவதற்கு உட்கார்ந்தோம். எனக்கு உதவியவர் புதுக்கோட்டையில் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி. அவர் ஸ்கேனைப் பார்ப்பார். நான் ஓசிஆர் தந்த வரியை ஸ்கிரீன் ரீடரில் ஓடவிட்டுக் கேட்பேன்.

“அண்ணே, அங்க என்ன சொல்லுது?”

“‘மல’ன்னு சொல்லி நிறுத்துது தம்பி.”

“இல்லண்ணே, மலைதான். பழைய லை. யானைத் தும்பிக்கை மாதிரி முன்னால சுருட்டிப் போட்டிருக்கு.”

1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வரும்வரை லை, ளை, ணை, னை எல்லாம் அந்தத் தும்பிக்கையோடுதான் அச்சாயின. ஊர்ப் பெயரே மலையில் முடிகிற ஒரு கிராமத்தின் கல்வெட்டுகளில் எத்தனை இடத்தில் அந்த லை வரும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்தது துணைக்காலும் ரகரமும். பழைய அச்சில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று போலவே இருக்கும். ‘காலம்’ என்பது ‘கரலம்’ ஆகிவிடும். அதைவிட ஆபத்து எண்களில் இருக்கிறது. தமிழ் எண் ௭ பார்வைக்கு எ போலவும், ௮ என்பது அ போலவும், ௧ என்பது க போலவும் இருக்கும். ‘யாண்டு ௭’ என்று அச்சில் இருந்தால் ‘யாண்டு எ’ என்று வந்து நிற்கும். சொல் பிழையானால் காதுக்கு உடனே உறுத்தும். ஆட்சியாண்டு தொலைந்தால் தொலைந்ததே தெரியாது. கல்வெட்டில் ஆட்சியாண்டு போனால் அந்த ஆவணத்தின் காலமே போய்விடுகிறது. நடுநடுவே வரும் கிரந்த எழுத்துகளில் ஓசிஆர் தருவது வெறும் குப்பை. அந்த இடங்களை ஆள்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

1929ஆம் ஆண்டுப் புத்தகத்தின் மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அந்தக் காலத்து அச்சகம் தன் வேலையைச் செய்தது. வருத்தம் நேற்று தட்டச்சு செய்த கோப்பின் மீதுதான். பாமினி எழுத்துருவில் ‘மலை’ என்று அடித்தால் திரையில் மலை தெரியும். கணினி சேமித்து வைப்பதோ கே, ஐ, ஒய் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தி வைத்த எழுத்துரு அது. கண்ணுக்குப் போர்வை தெரியும், ஸ்கிரீன் ரீடருக்கு உள்ளே இருப்பதுதான் தெரியும். ‘தமிழ்’ என்ற சொல்லே எனக்கு ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வரும். யூனிகோடில் ம, ல, ஐகாரக் குறி மூன்றும் அவற்றுக்கே உரிய எண்களோடு, நாம் உச்சரிக்கும் வரிசையில் இருக்கும். அதனால்தான் தேடினால் கிடைக்கிறது, குரல் வாசிக்கிறது, வேறு கணினிக்குப் போனாலும் மாறுவதில்லை. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் யூனிகோடையும் டேஸ்16 குறியீட்டையும் தரமாக அறிவித்து ஆணை வெளியிட்டது. ஆணைக்குப் பிறகும் பழைய எழுத்துருக் கோப்புகள் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் வாழ்ந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒரு நூலை யூனிகோடுக்கு மாற்றிவிட்டு அதன் ஆசிரியரை ஒரு முறை திருத்தச் சொல்லுங்கள். அந்த நூலுக்கு இன்னொரு ஆயுள் கிடைக்கும்.

எழுத்து சரியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி, பக்கத்துக்குள் நடமாடுவது. வெளியில் இருப்பவர்கள் இதைத்தான் அதிகம் கவனிப்பதில்லை.

கண் ஒரு பக்கத்தைத் தொட்டதும் எது தலைப்பு, எங்கே புதுப் பத்தி, எங்கே அட்டவணை என்று பிரித்துவிடுகிறது. காதுக்கு எல்லாமே ஒற்றை வரிசையாகத்தான் வரும். முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை கேட்டுக்கொண்டே இருந்தால் நானூறு பக்கப் புத்தகத்தில் நார்த்தாமலையைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகும். ஸ்கிரீன் ரீடர் அதற்கு வழி வைத்திருக்கிறது. நான் பயன்படுத்தும் என்விடிஏ, ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் தொடங்கியது. ஜேம்ஸ் டே என்ற இன்னொரு பார்வையற்றவர் அவரோடு சேர்ந்தார். இலவசம். அதுவரை இருந்த ஜாஸ் போன்றவை நல்ல மென்பொருள்கள்தான், விலைதான் நம் மாணவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. என்விடிஏவில் இணையப் பக்கத்தைத் திறந்து எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். 1, 2, 3 என்று எண்களைத் தட்டினால் அந்தந்த நிலைத் தலைப்புக்குப் போகும். டி அட்டவணைக்கு, கே இணைப்புக்கு, ஜி படத்துக்கு. என்விடிஏ விசையோடு எஃப்7 தட்டினால் பக்கத்தில் உள்ள தலைப்புகள் எல்லாம் ஒரே பட்டியலாக விரியும். வேர்டு கோப்பிலும் வாசிக்கும் நிலைக்கு மாறிக்கொண்டால் இதே விசைகள் வேலை செய்யும். பழகிய விரல், கண் பார்ப்பதற்குச் சற்றே பிந்தி, தேவையான இடத்தில் போய் நிற்கும்.

இதெல்லாம் நடப்பதற்கு ஒரே நிபந்தனை. தலைப்பு என்று கோப்பை எழுதியவர் சொல்லியிருக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் தலைப்பைத் தேர்வு செய்து, எழுத்தைப் பெரிதாக்கி, போல்டு போட்டு, நடுவில் நிறுத்திவிடுகிறோம். கண்ணுக்கு அது தலைப்பு. என் விரலுக்கு அது மற்றொரு வரி. எச் தட்டினால் தலைப்பே இல்லை என்று பதில் வரும். வேர்டின் ஸ்டைல்ஸ் பகுதியில் ஹெடிங் 1, ஹெடிங் 2 என்று இருப்பவற்றைத் தொட்டால் போதும், பாதை போட்டாகிவிட்டது. கூடுதல் செலவு கிடையாது. உள்ளடக்கப் பட்டியலும் தானாகவே உருவாகிவிடும். அதைப் போடாமல் விடுவதற்கு எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

நாங்கள் திருத்திய நார்த்தாமலைப் பக்கங்களை அப்படித்தான் அமைத்தோம். மலையின் பெயர் முதல் நிலைத் தலைப்பு. அந்த மலையில் உள்ள கோயிலோ குகையோ இரண்டாம் நிலை. கல்வெட்டின் எண் மூன்றாம் நிலை. இப்போது 1 தட்டினால் மேலமலை, மறுபடி தட்டினால் கடம்பர்மலை. மேலமலையில் நின்று 2 தட்டினால் விஜயாலய சோழீஸ்வரம், அடுத்து பழியிலீஸ்வரக் குடைவரை, அடுத்து பன்னிரண்டு திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கும் சமணர் குடகு. மலையில் ஏறுகிறவர் பாறையிலேயே நடந்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அந்த இடங்களுக்கு நான் மேசையில் உட்கார்ந்தபடி போய் வருகிறேன். தேடுவதற்கு இன்னொரு வசதியும் செய்தோம். சோழர் காலக் கல்வெட்டுகளில் இந்த ஊர் தெலுங்குகுலகாலபுரம். நார்த்தாமலை என்று தேடுகிறவருக்கு அந்த வரிகள் அகப்படாது. அதனால் ஒவ்வொரு கல்வெட்டின் தலைப்பிலும் இன்றைய ஊர்ப் பெயரைச் சேர்த்தோம்.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம், மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்கேற்ற வடிவில் நூல்களை மாற்ற அனுமதிக்கிறது. பார்வையற்றோருக்கான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்று உறுதி செய்த நாடு இந்தியா. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணு வடிவத் தகவல்களும் எங்களுக்கு எட்ட வேண்டும் என்கிறது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. சென்னையைச் சேர்ந்த பெனோ செபைன், பார்வை முற்றிலும் இல்லாதவர்களில் முதலாவதாக இந்திய வெளியுறவுப் பணிக்கு 2015இல் தேர்வானவர். அம்மா வாசித்துக் காட்டினார், ஜாஸும் துணை நின்றது. இப்படி உட்கார்ந்து வாசித்துக்காட்ட ஆளில்லாத வீட்டிலும் ஒரு பெண் தேர்வுக்குப் படிக்கிறாள் என்பதை நினைத்துத்தான் நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அண்மையில் ஓர் அலுவலகத்தின் சுற்றறிக்கை எனக்கு வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி பற்றியது. யூனிகோடில் அழகாகத் தட்டச்சு செய்து, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார்கள். யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களால் மட்டும் படிக்க முடியாத தாள். கையெழுத்து வேண்டும் என்றால் ஸ்கேனும் இருக்கட்டும். அதோடு சேர்த்து, அச்செடுப்பதற்கு முன்னால் இருந்த அந்த வேர்டு கோப்பையும் அனுப்பினால் போதும். அது அவர்கள் கணினியிலேயே இருக்கிறது. பிடிஎஃப்தான் வேண்டும் என்றால் அச்செடுத்து ஸ்கேன் செய்யாமல் வேர்டிலிருந்தே நேராகச் சேமிக்கட்டும். படம் இருந்தால் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி மாற்றுரையாக எழுதட்டும். அட்டவணையில் கட்டங்களை ஒன்றாக இணைக்காமல் விடட்டும்.

நார்த்தாமலைப் பக்கங்களில் கிரந்தப் பகுதிகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. கிரந்தம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் அவற்றைத் தட்டச்சு செய்து தர ஒப்புக்கொண்டிருக்கிறார். அவை சேர்ந்ததும் கோப்பைப் பொதுவில் வைப்போம். உங்கள் ஊர்க் கோயிலின் தலபுராணமோ, பள்ளி ஆண்டு மலரோ கணினியில் இருந்தால் அதைத் திறந்து, ஒரு வரியைத் தேர்வு செய்து, வேறொரு கோப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்து விழுந்தால் என்னாலும் படிக்க முடியும்.

(அடுத்த வாரம்: வங்கிப் படிவமும் அட்டவணைகளும்)