ஒரு கணினி சொல்வது மற்றொரு கணினிக்குப் புரிகிறதா?
இரும்புக் கட்டடங்களின் கணக்கு கைமாறும்போது நேரும் சிக்கல்

பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தைப் பார்க்க வருபவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பது உச்சியை. அடுத்ததாகக் கண் போவது இரண்டு கோபுரங்களையும் இணைக்கும் பாலத்தின் மேல். 41, 42-ஆம் மாடிகளில், தரையிலிருந்து 170 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தப் பாலம் ஏறக்குறைய 58 மீட்டர் நீளமானது. எடை 750 டன். கோபுரங்களின் தூண்களும் நடுச்சுவரும் கான்கிரீட்டால் ஆனவை. பாலமோ இரும்பு.

அந்த இரும்பு கோலாலம்பூரில் வெட்டப்பட்டதல்ல. தென் கொரியாவில் 493 துண்டுகளாகச் செய்யப்பட்டு, கப்பலில் வந்து, இங்கே பூட்டப்பட்டு, 1995-இல் மேலே தூக்கப்பட்டது. கோபுரங்களின் கட்டமைப்புக் கணக்கைப் பார்த்தவர்கள் நியூயார்க் பொறியியலாளர்களும் கோலாலம்பூர் பொறியியலாளர்களும். ஒரு கோபுரத்தை ஜப்பானியர் தலைமையிலான குழு கட்டியது; மற்றொன்றைக் கொரியர் தலைமையிலான குழு கட்டியது. காற்றில் இரு கோபுரங்களும் தனித்தனியே அசையும் என்பதால் பாலத்தின் முனைகளை இறுக்கிக் கட்டவில்லை. நகர இடம் விட்டிருக்கிறார்கள். 29-ஆம் மாடியிலிருந்து சாய்வாக எழும் கால்கள் நடுவில் தாங்குகின்றன.

இவ்வளவு பேர் கைபட்ட வேலையில், ஓர் ஊரில் போட்ட துளையும் மற்றோர் ஊரில் போட்ட துளையும் நேராக அமைய வேண்டும். 20 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு வழக்கமாகப் போடும் துளை 22 மில்லிமீட்டர். இடைவெளி இரண்டே மில்லிமீட்டர். பட்டறைக்கும் பொறியியலாளருக்கும் இடையே போகும் தகவலில் அதைவிடப் பெரிய பிழை இருந்தால், கிரேன் பீமைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் அது தெரியவரும்.

முன்பு இந்தத் தகவல் காகிதத்தில் போனது. கிள்ளான் ஆற்றின் குறுக்கே, மேலே வாகனங்களும் கீழே பாதசாரிகளும் சைக்கிள்களும் போகும்படி இரண்டு அடுக்காக அமைந்த கோத்தா பாலம் அந்தக் காலத்து வேலை. பொறியியலாளர் வரைந்ததைப் பட்டறைக்காரர் படித்து, புரிந்துகொண்டு, தம் கையால் மறுபடி வரைவார். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் இரண்டாவது முறை வரைகிறவர் ஒவ்வோர் எண்ணையும் கண்ணால் பார்த்தார். சந்தேகம் வந்தால் கேட்டார். இப்போது ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்பு போகிறது. ஆயிரக்கணக்கான பீம்கள் சில நிமிடங்களில் கைமாறுகின்றன. அந்த வேகத்தில் யார் எதைப் பார்த்தார் என்பதுதான் கேள்வி.

எத்தனை மென்பொருள்?

‘எல்லாரும் ஒரே மென்பொருளைப் பயன்படுத்தினால் என்ன?’ இது பலருக்கும் இயல்பாக எழும் கேள்வி. முடியாது என்பதே பதில். ஒவ்வொருவரின் வேலையும் வேறு.

கட்டடக் கலைஞருக்கு வேண்டியது இடமும் தோற்றமும். அவர் ரெவிட் போன்ற ஒன்றில் வேலை செய்வார். கட்டமைப்புப் பொறியியலாளருக்கு வேண்டியது பாரமும் வலுவும்; அவர் ஸ்டாட் புரோ, ஈடேப்ஸ் போன்றவற்றில் கணக்குப் போடுவார். பட்டறைக்கு வரைந்து கொடுக்கும் டீட்டெய்லருக்கு ஒவ்வொரு போல்ட்டும் ஒவ்வொரு வெல்டிங்கும் வேண்டும். அவர் பெரும்பாலும் டெக்லாவில் உட்காருவார். கடைசியில் பட்டறையில் இரும்பை வெட்டித் துளைக்கும் இயந்திரத்துக்குத் தனியாக ஒரு கோப்பு போக வேண்டும். ஜெர்மன் இரும்புக் கட்டுமானச் சங்கம் வகுத்த வடிவமே அதற்கு உலகெங்கும் பழக்கத்தில் உள்ளது. டீட்டெய்லர் கிள்ளானிலும் இருக்கலாம், சென்னையிலோ கோயம்புத்தூரிலோகூட இருக்கலாம். வெளிநாட்டுக் கட்டடங்களுக்குப் பட்டறை வரைபடம் போட்டுத் தரும் அலுவலகங்கள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு.

இவர்களில் பொறியியலாளரின் மாதிரிக்கும் டீட்டெய்லரின் மாதிரிக்கும் உள்ள தூரம்தான் அதிகம். பொறியியலாளரின் கணினியில் பீம் என்பது தடிமன் இல்லாத ஒரு கோடு. தூணும் ஒரு கோடு. இரண்டு கோடுகள் சேரும் இடம் ஒரு புள்ளி. கணக்குக்கு அது போதும். அதை அப்படியே பட்டறைக்கு அனுப்புவது, எக்ஸ்ரே படத்தைக் கொடுத்துச் சட்டை தைக்கச் சொல்வதைப் போன்றது. எலும்பின் நீளம் தெரியும். உடம்பின் சுற்றளவு தெரியாது.

ஒரு சின்னக் கணக்கு: இரண்டு தூண்களின் மையங்களுக்கு இடையே 8,000 மில்லிமீட்டர். பொறியியலாளரின் மாதிரியில் பீமின் நீளமும் அதுவே. தூண் 254 மில்லிமீட்டர் ஆழமுள்ளது என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் பாதிப் பாதி கழிந்தால் 254 போய்விடும். பொருத்துவதற்கு ஒவ்வொரு முனையிலும் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். ஆகவே வெட்ட வேண்டிய நீளம் 7,726 மில்லிமீட்டர். இது தூணின் முகத்தில் பீம் பொருந்தினால். அதே தூணைத் திருப்பி வைத்து, அதன் நடுத் தகட்டில் பீமைப் பொருத்தினால் நீளம் வேறு. தூண் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்ற ஒரே தகவல் கோப்பில் தவறினால், அந்தத் தூணில் சேரும் எல்லா பீம்களும் தவறு.

பெயரில் இருக்கும் பொறி

பீமுக்குப் பெயர் உண்டு. பிரிட்டிஷ் அட்டவணையில் 457×191×67 என்று ஒரு பீம் இருக்கிறது. 457 என்பது உயரம், 191 என்பது அகலம், 67 என்பது ஒரு மீட்டருக்கு இத்தனை கிலோ எடை. உண்மையில் அளந்து பார்த்தால் உயரம் 453.4, அகலம் 189.9. பெயர் ஒரு குடும்பப் பெயர்தான், அளவு அல்ல. அதே அட்டவணையில் 457×152×67 என்று மற்றொன்றும் இருக்கிறது. உயரம் 458, அகலம் 153.8. எடையோ அதே 67 கிலோ.

பாரத்தைச் செங்குத்தாகத் தாங்குவதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. பக்கவாட்டில் வளையாமல் நிற்பதில் அகலம் குறைந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பலவீனமானது. நீண்ட பீம் பக்கவாட்டில் புரண்டு விழுவதைத் தடுப்பது அந்தப் பலம்தான். பெயரை மாற்றிக் கொடுக்கும் அட்டவணையில் ஒரு வரி தவறினால், திரையில் இரண்டு பீமும் ஒன்று போலவே தெரியும்.

அமெரிக்கக் கோப்பு வந்தால் கதை மேலும் சிக்கல். அங்கே டபிள்யூ18×50 என்றால் 18 அங்குல உயரம். 50 என்பது ஓர் அடிக்கு இத்தனை பவுண்டு. கிலோவில் சொன்னால் மீட்டருக்கு 74. ஐம்பதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டால் பீம் மெலிந்துவிடும்.

இரும்பின் தரத்திலும் இதே வம்புதான். பழைய பிரிட்டிஷ் முறையில் ‘கிரேட் 43’ என்றது அறுபடும் வலிமையை வைத்து. அதற்குப் பின் வந்த ‘எஸ்275’ என்பது இரும்பு இழுபட்டு மீளாத நிலைக்குப் போகும் வலிமையை வைத்து. இரண்டும் நடைமுறையில் ஒரே வகை இரும்பு. நம் நாட்டுப் பட்டறைகளில் புழங்கும் ஜப்பானியத் தரமான ‘எஸ்எஸ்400’-இல் 400 என்பது மறுபடியும் அறுபடும் வலிமை. மெல்லிய தகட்டுக்கு அதன் மீளா வலிமை 245. பெயரில் 400 என்று பெரிதாக இருக்கிறது. 275-ஐ விட வலிமை குறைவு. மென்பொருளுக்கு இந்த விவரம் தானாகத் தெரியாது. யாராவது சொல்லிவைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலேசியப் பொறியியலாளர்களில் ஒரு தலைமுறையே பிரிட்டனின் பிஎஸ் 5950 விதியில் படித்து வளர்ந்தது. அதில் பீமின் வலுவான அச்சுக்கு எக்ஸ் என்று பெயர், பலவீனமான அச்சுக்கு ஒய். பிரிட்டன் அந்த விதியை 2010-இல் கைவிட்டு ஐரோப்பிய விதிக்கு மாறியது. நம் நாடும் அதே பாதையில் போனது. ஐரோப்பிய விதியில் வலுவான அச்சின் பெயர்தான் ஒய்! ஒரே எழுத்து, நேர் எதிர்ப் பொருள். பழையவரும் புதியவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ‘ஒய்’ என்று பேசிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பொது மொழி கிடைக்கவில்லையா?

முயற்சி நடக்காமல் இல்லை. இரும்பு வேலைக்கென்று எஸ்டிஎன்எஃப் என்ற எளிய எழுத்துக் கோப்பு வெகுநாளாகப் புழக்கத்தில் உண்டு. பிரிட்டனின் லீட்ஸ் பல்கலைக்கழகமும் இரும்புக் கட்டுமான ஆய்வு நிலையமும் முன்னின்று சிஐஎஸ்/2 என்ற விரிவான வடிவத்தை உருவாக்கின. அமெரிக்க இரும்புக் கட்டுமானக் கழகம் 1990-களின் இறுதியில் அதைக் கையில் எடுத்தது. இப்போது எல்லாரும் பேசுவது ஐஎஃப்சி. கட்டடத்தின் எல்லாப் பகுதிக்குமான அந்தப் பொது வடிவம் 2013-இல் ஐஎஸ்ஓ 16739 என்ற உலகத் தரமானது.

பொது வடிவம் இருந்தும் சிக்கல் தீராததற்குக் காரணம் எளிது. ஐஎஃப்சி கோப்பில் பீமின் உருவம் பத்திரமாகப் போய்ச் சேரும். அதன் மேல் எவ்வளவு பாரம், முனை இறுக்கமானதா சுழலக்கூடியதா, கீழே ஊன்று எப்படி என்பவை பல வேளைகளில் போவதில்லை. அனுப்பும் மென்பொருள் எழுதுவதையெல்லாம் வாங்கும் மென்பொருள் படிப்பதும் இல்லை.

இந்த நட்டம் எவ்வளவு? அமெரிக்க அரசின் தரநிர்ணய ஆய்வு நிலையம் 2004-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. கணினிகள் ஒன்றோடொன்று சரியாகப் பேசாததால் 2002-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கட்டுமானத் துறைக்கு 1,580 கோடி டாலர் வீண் செலவு. அதில் மூன்றில் இரண்டு பங்கைச் சுமந்தவர்கள் பொறியியலாளர்களோ குத்தகையாளர்களோ அல்லர். கட்டடத்தின் உரிமையாளர்களும் அதை நடத்துபவர்களும்.

பணம் போனால் சம்பாதிக்கலாம். 1981 ஜூலை 17-இல் அமெரிக்காவின் கன்சாஸ் நகர ஹயாட் ரீஜன்சி ஹோட்டலில் தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 பேர் இறந்தனர். இரண்டு நடைபாதைகளையும் ஒரே நீண்ட கம்பி தாங்குவதாகத்தான் முதலில் வரைந்திருந்தார்கள். பட்டறைக்கு வசதியாக அதை இரண்டு கம்பிகளாகப் பிரித்தார்கள். அதனால் மேல் நடைபாதையின் நட்டு தாங்க வேண்டிய பாரம் இரட்டிப்பானது. கணினி இல்லாத, காகிதத்தில் நடந்த பரிமாற்றம் அது. மாற்றத்தை மற்றவர் சரிபார்த்திருப்பார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டனர்.

நம் நாட்டில் நடந்ததும் மறக்கக்கூடியதல்ல. 2008-இல் திறக்கப்பட்ட கோலத் திரெங்கானு சுல்தான் மிசான் விளையாட்டரங்கின் இரும்புக் கூரை 2009 ஜூன் 2-இல் சரிந்தது. ஆட்டம் நடக்கும் நேரமாக இல்லாதது பெரிய அதிர்ஷ்டம். வடிவமைப்பில் கூரையின் ஊன்று நிலைகளைச் சரியாகக் கருத்தில் கொள்ளவில்லை, பொருத்தும்போது வடிவம் பிசகியது, வேலைத்தரமும் போதவில்லை என்று விசாரணைக் குழு கண்டது. அது கோப்புப் பரிமாற்றத்தால் வந்த வினை என்று சொல்வதற்கில்லை. ஆனால் எந்த ஊன்று நிலை கூரையின் உயிர்நாடியாக இருந்ததோ, அதுவே இன்று ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது முதலில் கழன்று விழும் தகவல்.

பிரிக்பீல்ட்ஸ் மக்கள் கண்முன்னே பழைய ரயில் யார்டு இருந்த இடத்தில் 2001-இல் கேஎல் சென்ட்ரல் திறக்கப்பட்டது. அதைச் சுற்றிக் கோபுரங்கள் எழுந்தன. 2023 மார்ச்சில் முழுமையாகத் திறக்கப்பட்ட எம்ஆர்டி புத்ராஜெயா தடம், ‘பிம்’ எனப்படும் கட்டடத் தகவல் மாதிரி முறையில் திட்டமிட்டுக் கட்டப்பட்டது. 10 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட அரசாங்கத் திட்டங்களுக்கு 2019 முதல் பிம் கட்டாயம் என்றானது. இந்தத் துறைக்கு வரும் நம் பிள்ளைகள் ஒரு மென்பொருளைப் பழகிச் சான்றிதழ் வாங்குவதோடு நின்றுவிடுவதுண்டு. பட்டன் எங்கே என்று தெரிந்தவர் பலர்; அழுத்திய பிறகு எது விடுபட்டது என்று தேடத் தெரிந்தவரைத்தான் அலுவலகங்கள் தேடுகின்றன.

தேடுவது எப்படி? அனுபவசாலிகள் முழுக் கட்டடத்தையும் ஒரே மூச்சில் அனுப்ப மாட்டார்கள். நான்கு தூண், நான்கு பீம் கொண்ட ஒரு சின்னச் சட்டத்தை முதலில் அனுப்பி, வந்ததை மறுபடி திருப்பி வாங்கி, போனதும் வந்ததும் ஒன்றா என்று பார்ப்பார்கள். பெயர் மாற்றும் அட்டவணையை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து வரி வரியாகப் படிப்பார்கள். பாரம், ஊன்று, முனை நிலை ஆகியவற்றைக் கோப்பை நம்பாமல் தனித்தாளில் எழுதிக் கொடுப்பார்கள். திருத்தம் வந்தால் எந்தத் தேதிக் கோப்பு செல்லும் என்பதைக் கையெழுத்தோடு வைத்துக்கொள்வார்கள்.

பிறகு மொத்த எடையைக் கூட்டிப் பார்ப்பார்கள். பொறியியலாளரின் கணினி சொல்லும் டன்னும் டீட்டெய்லரின் கணினி சொல்லும் டன்னும் கிட்டத்தட்ட ஒத்துப்போனால் பெரிய பிழை இல்லை என்று மூச்சு விடலாம். ஆனால் மீட்டருக்கு 67 கிலோ உள்ள அகலமான பீமுக்குப் பதில் மீட்டருக்கு 67 கிலோ உள்ள ஒடுங்கிய பீம் வந்து உட்கார்ந்திருந்தால், அந்தக் கூட்டலும் சரியாகவே வரும். அதைக் கண்டுபிடிக்க யாராவது ஒருவர் அட்டவணையைத் திறந்து அகலத்தைப் பார்க்க வேண்டும்.